பழைய வண்ணாரப்பேட்டை வக்கீல் ஆபீஸ்: செவன்டீன்-பி வாங்கிய ஒரு டீச்சரின் ரிவியூ

ஐந்துக்கு நாலு தருகிறேன். குறைத்த அந்த ஒன்று எதற்கு என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் பேர் விஷயம். ஆபீஸ் பேர் போடவில்லை, வக்கீல் மேடம் பேர் போடவில்லை, என் பள்ளிக்கூடத்தின் பேரும் வராது. வக்கீல்கள் விளம்பரம் தேடிக்கொள்ளக் கூடாது என்று இந்திய பார் கவுன்சிலின் விதி 36 சொல்கிறது, அதனால் "என்ன வேணா எழுதுங்க டீச்சர், என் பேரு மட்டும் வேணாம்" என்று மேடம் சொல்லிவிட்டார். என் கதை வேறு. நான் அரசுப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை, வாயைத் திறந்ததற்காகத்தான் இந்தச் செவன்டீன்-பி, அதாவது பெரிய தண்டனை வரை போகக்கூடிய 17(ஆ) குற்றச்சாட்டு மெமோவே வாங்கினேன், அப்படியிருக்க இதைப் பற்றி மறுபடியும் பொதுவில் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "ஓட்டலுக்குப் போயிட்டு சாம்பார் நல்லா இல்லைன்னு எழுத யார்கிட்ட பர்மிஷன் வாங்குறீங்க? என் ஆபீஸைப் பத்தி எழுதுங்க, டிபார்ட்மென்ட்டைத் திட்டாதீங்க" என்றார். சரி, ஆபீஸைப் பற்றியே எழுதுகிறேன்.

எம்.சி.ரோடு துணிக்கடைக் கூட்டத்தில் முட்டி மோதி வெளியே வந்தால் ஒரு சந்து, சந்துக்குள் ஒரு ஜெராக்ஸ் கடை, அதன் மாடி. படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், முட்டி வலி இருப்பவர்கள் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போங்கள். மேலே ஒரு மர பெஞ்ச், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேல் முனகிக்கொண்டே சுற்றும் ஃபேன். ஏ.சி. கிடையாது. பகலில் மேடம் ஹைகோர்ட்டில் இருப்பார், தம்பு செட்டி தெருவில் இன்னொரு சின்ன அறை இருக்கிறது, இங்கே சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான். ஆறரை என்றால் ஏழே கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே இது என்ன மாதிரி ஆபீஸ் என்று தெரிந்துவிடும். சொத்துத் தகராறு, விவாகரத்து எதுவும் இல்லை. எல்லோர் மடியிலும் பழுப்பு கவர். ஒருவர் போக்குவரத்துக் கழக கண்டக்டர், ஒருவர் ஆஸ்பத்திரி நர்ஸ், ஒருவர் என்னைப் போல டீச்சர். முழுக்க சர்வீஸ் கேஸ், அதாவது வேலை சம்பந்தப்பட்ட வழக்கு. மாநில அரசு ஊழியர் வழக்குக்கென்று தமிழ்நாட்டில் இருந்த தீர்ப்பாயம் இப்போது இல்லை, எதுவானாலும் ஹைகோர்ட்தான், அதனால் இதிலேயே ஊறியவரைத் தேடித்தான் போக வேண்டும்.

இங்கே வருவதற்கு முன் இன்னொரு வக்கீலைப் பார்த்தேன், அவர் பேரும் வேண்டாம். கவரைப் பிரிக்காமலேயே "ஹைகோர்ட்ல ரிட் மனு போட்டு மெமோவையே அடிச்சிடலாம் மேடம், பேச்சுரிமை இருக்கு, ஆர்ட்டிகிள் 19 இருக்கு" என்று அறுபதாயிரம் கேட்டார். கேட்கும்போது காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது, அந்த வாரம் எனக்கு அப்படி யாராவது சொல்ல வேண்டியிருந்தது. நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது சங்கத்துத் தோழர் ஒருவர்தான் இந்த மாடிப்படியைக் காட்டினார்.

மேடம் முதலில் செய்த காரியம், கவரைப் பிரித்து முழுதும் படித்தது. வாய்விட்டுப் படித்தார். 17(ஆ) மெமோ வாங்கியவர்களுக்குத் தெரியும், இணைப்பு ஒன்றில் குற்றச்சாட்டு, இரண்டில் விவரம், மூன்றில் ஆவணப் பட்டியல், நான்கில் சாட்சிப் பட்டியல். நான் ஒன்றையும் இரண்டையும் முப்பது தடவை படித்து அழுதிருக்கிறேன், மூன்றையும் நான்கையும் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை. மேடம் தலைகீழாக, நான்கிலிருந்து ஆரம்பித்தார். "சாட்சி யாருன்னு பாத்துட்டுதான் டீச்சர் குத்தம் என்னன்னு பாக்கணும்" என்றார்.

என் மேல் மூன்று குற்றச்சாட்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வடசென்னை மிதந்தது நினைவிருக்கும். பள்ளி திறந்த பிறகும் ஆறாம் வகுப்பு அறையில் கணுக்கால் அளவு தண்ணீர், பிள்ளைகள் பெஞ்ச் மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். கேட் வாசலில் ஒரு யூடியூப் சேனல்காரர் மைக்கை நீட்டினார், நான் பேசிவிட்டேன். இது ஒன்று. அன்று ராத்திரி ஆசிரியர்கள் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் தலைமையைப் பற்றி ஒரு கிண்டல் மீம் போட்டு நாலு வரி புலம்பினேன், அது இரண்டு. அடுத்த வாரம் சங்கத்தின் ஆர்ப்பாட்டத்தில் பதாகை பிடித்து நின்றேன், அது மூன்று. மூன்றையும் சேர்த்து "அரசு ஊழியருக்கு ஒவ்வாத செயல்" என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தார்கள், தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973, விதி 20(1). என் மனதிலும் அது ஒரே மூட்டைதான், "நான் உண்மையைப் பேசினேன்" என்ற மூட்டை.

மேடம் மூன்று வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் தனித்தனியாக வைத்தார். ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க ஒன்றின் மேல் ஸ்டேப்ளர், ஒன்றின் மேல் டீ கிளாஸ், ஒன்றின் மேல் அவருடைய கண்ணாடிக் கூடு. "நீங்க பேசினது ஒரு பேச்சு இல்ல, மூணு பேச்சு. மூணும் வேற வேற இடத்துல, வேற வேற ஆளுங்க முன்னாடி. மூணுக்கும் ஒரே பதில் எழுதினா மூணும் போயிடும்." முதல் நாள் ஆலோசனைக்கென்று நான் கொடுத்த ஆயிரம் ரூபாய் இந்த வார்த்தைக்கே சரியாகப் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

கண்ணாடிக் கூடு வைத்த தாள்தான் ஆர்ப்பாட்டம். அதுதான் சுலபம் என்றார், எனக்கு அதுதான் பயமாக இருந்தது. எங்கள் தலைமுறை டீச்சர்களுக்கு 2003 என்றால் இன்றும் வயிற்றைக் கலக்கும், வேலைநிறுத்தம் செய்ததற்காக சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள், டி.கே.ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்தம் செய்ய உரிமையே இல்லை என்று சொல்லிவிட்டது. அதைச் சொன்னேன். "அது ஸ்ட்ரைக் டீச்சர். நீங்க ஸ்ட்ரைக் பண்ணீங்களா?" 1962-இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கு என்று ஒன்று இருக்கிறதாம், பீகார் அரசு ஊழியர்கள் போட்டது. ஊழியர் எந்த ஆர்ப்பாட்டத்திலும் கலந்துகொள்ளக் கூடாது என்ற விதி அந்த அளவுக்குச் செல்லாது, வேலைக்குச் சேர்ந்ததால் அடிப்படை உரிமை போய்விடாது, ஆனால் வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்று அப்போதே பிரித்துச் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆர்ப்பாட்டம் சாயங்காலம் ஐந்து மணிக்கு. "அன்னிக்கு ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டுட்டுப் போனீங்களா?" போட்டிருந்தேன். வருகைப் பதிவேட்டின் அந்தப் பக்க நகலைக் கேட்டு வாங்கச் சொன்னார். அவ்வளவுதான், தாளை மடித்துவிட்டார்.

டீ கிளாஸ் வைத்தது வாட்ஸ்அப். இதில்தான் மேடம் அசரடித்தார். ஆவணப் பட்டியலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் இருந்தது. நான் அதில் என் வார்த்தைகளை மட்டுமே பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். மேடம் அதன் மேல்பக்கத்தைப் பார்த்தார். என் பேர் "சயின்ஸ் டீச்சர் 2" என்று இருந்தது. "உங்களை இப்படி சேவ் பண்ணி வச்சிருக்கிற ஆள் யாரு?" எனக்குத் தெரியும், சொல்ல வாயெடுத்தேன், "வேணாம், சொல்லாதீங்க, அவங்ககிட்ட போய் சண்டையும் போடாதீங்க" என்று கையைக் காட்டினார். இணைப்பு நான்கில் அந்த ஆளின் பேர் இல்லை. எடுத்தவர் யார், யார் போனில் எடுத்தது, முழு உரையாடல் எங்கே, ஒன்றும் இல்லை. துறை விசாரணையில் கோர்ட் மாதிரி கறாராக சாட்சியச் சட்டம் பார்க்க மாட்டார்கள், பழைய சட்டத்தின் 65பி, புதிய சட்டத்தின் 63 என்று மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் கேட்டு மட்டும் தப்பிக்க முடியாது என்பதையும் அவரே சொன்னார். ஆனால் எடுத்தவர் வந்து, ஆமாம் நான்தான் எடுத்தேன் என்று சொன்னால்தானே நான் குறுக்கு விசாரணை செய்ய முடியும்? கோரிக்கையை அப்படி எழுதினார்.

அதோடு மதுரைக் கிளையில் 2023-இல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் கொடுத்த ஒரு தீர்ப்பையும் சேர்த்தார். தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரிகளைக் கிண்டலடித்ததற்கு மெமோ, அதைக் கோர்ட் ரத்து செய்தது. நாலு பேருக்குள் புலம்பிக்கொள்ளவும் ஊழியருக்கு உரிமை உண்டு என்பதுதான் சாரம். புலம்புவதற்கு உரிமை! படித்துவிட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவதையெல்லாம் மெமோ ஆக்கினால் தமிழ்நாட்டில் ஒரு ஸ்டாஃப் ரூமும் மிஞ்சாது.

ஸ்டேப்ளர் வைத்த தாள் கடைசி. யூடியூப். "இதுல நீங்க தோப்பீங்க" என்றார். அப்படியே, முகத்துக்கு நேராக.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் வீட்டில் தேடி ஒரு அமெரிக்கத் தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன், கீழே ஜெராக்ஸ் கடையிலேயே எடுத்ததுதான், பக்கத்துக்கு ஐந்து ரூபாய். அதை எடுத்து வீசாத குறையாக நீட்டினேன். மார்வின் பிக்கரிங் என்ற பள்ளி ஆசிரியர், இல்லினாய்ஸ் மாநிலம், பள்ளி நிர்வாகம் பணத்தைப் படிப்பை விட விளையாட்டுக்குச் செலவழிக்கிறது என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், வேலையை விட்டுத் தூக்கினார்கள், 1968-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. என்னைப் போலவே டீச்சர், என்னைப் போலவே பள்ளிக்கூடத்துப் பிரச்சினை. இதைவிட என்ன வேண்டும்?

மேடத்துக்கு அது முன்பே தெரிந்திருந்தது. "நல்ல கேஸ்தான். ஆனா இதைக் காட்டினா விசாரணை அதிகாரி உங்களை அமெரிக்காவுக்கே அனுப்பிடுவார்" என்று சிரித்துவிட்டு, அதே நாட்டில் 2006-இல் கார்செட்டி வழக்கில் என்ன நடந்தது என்று சொன்னார். வேலையின் கடமையாக எழுதிய குறிப்புக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பே கிடையாது என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். அதாவது அங்கே பத்திரிகைக்கு எழுதினால் பாதுகாப்பு இருக்கலாம், கடமையின் பேரில் மேலதிகாரிக்கு எழுதினால் இல்லை. "நம்ம ஊர்ல பத்திரிகைக்குப் போனாதான் வம்பு. மேல எழுதினீங்களா அதுதான் கேடயம். எழுதினீங்களா?" எழுதியிருந்தேன். தண்ணீர் நின்ற அன்று காலையிலேயே தலைமையாசிரியர் வழியாக ஒரு கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான அலுவலகத் தபால் முத்திரையும் வாங்கி வைத்திருந்தேன். அதை ஆறு மாதமாக மறந்தே போயிருந்தேன். அந்த முத்திரையைப் பார்த்ததும்தான் மேடம் முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம்.

அப்புறம் வீடியோவைப் போட்டுப் பார்த்தார், இரண்டு நிமிஷம் பதினாறு வினாடி. தண்ணீர் நிற்கிறது, பிள்ளைகள் நனைகிறார்கள், கழிவறைக்குப் போக முடியவில்லை, இதெல்லாம் கண்ணால் பார்த்த விவரம், இதை அரசை விமர்சித்ததாகச் சொல்ல முடியாது என்று வாதாடலாம் என்றார். கடைசியில் நான் ஒரு வரி சொல்கிறேன், "இவங்கல்லாம் கார விட்டு எறங்கவே மாட்டாங்க" என்று. அங்கே நிறுத்தினார். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். "இந்த ஒரு வரி டீச்சர்." 1998-இல் தேவேந்திரப்பா என்ற கர்நாடக ஊழியரின் வழக்கைச் சொன்னார். தன் நிறுவனத் தலைமையை எதிர்த்துப் பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்தார், வேலை போனது, உச்ச நீதிமன்றம் அது சரிதான் என்றது. முன் அனுமதி இல்லாமல் பேசியதையும் மறுக்க முடியாது, வீடியோ ஊரெல்லாம் ஓடிவிட்டது. "மறுக்காதீங்க. பேசினேன், இந்தச் சூழ்நிலையில பேசினேன், அதுக்கு முன்னாடி எழுத்துல கொடுத்தேன்னு சொல்லுங்க. தண்டனையைக் குறைக்கிற வேலை இது."

ரிட் போடலாமா என்றும் கேட்டுவிட்டேன், அறுபதாயிரம் மனதை விட்டுப் போகவில்லை. மெமோ கட்டத்திலேயே போனால் கோர்ட் பெரும்பாலும் தலையிடாது, உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லியிருக்கிறது, அதிகாரமில்லாதவர் கொடுத்தது, சட்டத்துக்கே புறம்பானது போன்ற அபூர்வ நேரத்தில்தான் ரத்து செய்வார்கள், உங்களுடையது அப்படி இல்லை, பணம் வீண் என்றார். இன்னொன்றும் சொன்னார், கட்டணம் பேசுவதற்கு முன்பே. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டம், 12-வது பிரிவு, ஹைகோர்ட் வளாகத்திலேயே மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள், அங்கே போவதென்றால் தாராளமாகப் போங்கள் என்று. கடைக்காரரே எதிர்க்கடைக்கு வழி காட்டிய மாதிரி இருந்தது. நான் இங்கேயே இருந்துவிட்டேன். பதில் எழுத, ஆவணக் கோரிக்கை எழுத, விசாரணைக்குத் தயார் செய்ய எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து ஐந்நூறு. டைப்பிங் தனி.

டைப்பிங் என்றதும்தான் அந்தக் குறைந்த ஒரு மார்க். பதில் கொடுக்க பதினைந்து நாள்தான் கெடு, பதின்மூன்றாம் நாள் ராத்திரி ஜூனியர் தம்பி டிராஃப்டை அனுப்பினார். ஆறாவது பத்தியில் என் பேர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு கிராம நிர்வாக அலுவலரின் பேர், அவர் மணல் லாரியை விட்டுவிட்டதாக. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் மணல் கடத்தலுக்கும் நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் நேரில் போய், ஜூனியர் பக்கத்தில் உட்கார்ந்து, கோடு கோடாகத் திருத்தி வாங்கினேன். மேடம் தம்பியைத் திட்டிய திட்டில் கீழே ஜெராக்ஸ் மெஷின் நின்றுவிட்டது என்றால் நம்புங்கள். மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் மார்க் போனது போனதுதான், நான் விடைத்தாள் திருத்துகிறவள். இங்கே போகிறவர்கள் எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போனையும் நம்பாதீர்கள், நேரில் போங்கள்.

விசாரணைக்கு வக்கீல் உள்ளே வர பொதுவாக விட மாட்டார்கள், நாமேதான் பேச வேண்டும். அதற்கு இங்கே ஒரு ஒத்திகை வைத்தார்கள், என் அனுபவத்தில் இந்த ஆபீஸின் உருப்படியான சேவை இதுதான். ஜூனியர் தம்பி விசாரணை அதிகாரி மாதிரி விறைப்பாக உட்கார்ந்துகொண்டார். "நீங்கள் யூடியூப் சேனலுக்குப் பேட்டி அளித்தீர்களா?" நான் ஆரம்பித்தேன், புயல் எப்போது வந்தது, தண்ணீர் எந்தப் பக்கமாக வந்தது, ஒரு பையன் வழுக்கி விழுந்தது, 2015 வெள்ளத்தின்போது எப்படி இருந்தது என்று. மேடம் பென்சிலால் மேஜையைத் தட்டினார். "டீச்சர், ஒரு மார்க் கேள்விக்குப் பத்து மார்க் பதில் எழுதாதீங்க." மறுபடி. மறுபடி. நாலாவது தடவைதான் "ஆம். அன்று காலை எழுத்துமூலம் தெரிவித்த பிறகு" என்று ஒரு வரியில் நிறுத்த முடிந்தது. இருபது வருஷமாக வகுப்பில் பேசிப் பேசிப் பழகிய வாய்க்கு அது பெரிய தண்டனை.

விசாரணையில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் வரவில்லை. வருகைப் பதிவேட்டை அவர்களே கொண்டுவந்தார்கள், அதில் என் கையெழுத்து இருந்தது. முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. துறை விசாரணையை ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும், மிஞ்சிப்போனால் ஒரு வருஷம் என்று 2015-இல் பிரேம்நாத் பாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதாக மேடம் நடுவில் ஒரு நினைவூட்டல் கடிதமும் எழுதிக் கொடுத்தார், அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை. அந்த ஒரு வருஷமும் பதவி உயர்வுப் பட்டியலில் என் பேரை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை எந்த வக்கீலாலும் திருப்பித் தர முடியாது.

உத்தரவு வந்தது. இரண்டும் மூன்றும் நிரூபிக்கப்படவில்லை. ஒன்று நிரூபணம், தண்டனை "கண்டனம்", இருப்பதிலேயே லேசானது. மேடம் முதல் நாள் சொன்னது அப்படியே நடந்தது. கண்டனத்தை எதிர்த்து மேல்முறையீடு போடலாமா, விட்டுவிடலாமா என்று அரை மணி நேரம் பேசினோம். "காசைப் பாத்தா விட்டுடுங்க, மனசைப் பாத்தா போடுங்க" என்றார். போட்டிருக்கிறேன். இந்த முறை ஆறாவது பத்தியை முதலில் படித்தேன்.

போகிறவர்களுக்கு: வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடங்கள், வண்டி எடுத்துப் போனால் நிறுத்த இடம் கிடையாது, அதுவும் தீபாவளிக்கு முந்தின மாதம் எம்.சி.ரோடு பக்கம் தலை வைத்தே படுக்காதீர்கள். மெமோவை நாலு இணைப்போடும் கொண்டுபோங்கள், தபால் முத்திரை வாங்கிய நகல் எது இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம். காத்திருக்கும்போது பசித்தால் சந்து முனையில் பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் கடை ஒன்று இருக்கிறது, அங்கே முட்டை போட்ட பேஜோ கேளுங்கள், அதற்கு ஐந்துக்கு ஐந்து.